பார்க்காமல் எழுதிய சீட்டு

1

போன ஆகஸ்டு மாதம், ஒரு புதன்கிழமை, மாலை நாலு மணி இருபது நிமிடம். எங்கள் தோட்டத்து ஆபீசில் தொலைபேசிக்கு நேர் மேலே சுவர்க்கடிகாரம் மாட்டியிருக்கிறது. பேசுகிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும் என்பது கிராணியாரின் ஏற்பாடு. அதனால் நிமிடம்கூட நினைவிருக்கிறது.

கிராணியார் என்றால் ஆபீஸ் குமாஸ்தா. அன்று அவரே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். "டீச்சர், ஸ்காட்லாந்துலேருந்து ஒங்க மகளு கூப்புட்டுச்சி. பத்து நிமிசத்துல மறுபடி கூப்புடுதாம். ஏறுங்க லா சீக்கிரம்."

மங்கை வழக்கமாகக் கடிதம்தான் எழுதுவாள். மூன்று வருடத்தில் தொலைபேசியில் கூப்பிட்டது இரண்டு தடவை.

"அம்மா, தீசிஸைத் திருப்பி வாங்கிட்டேன்."

"திருத்தறதுக்கா?"

"மூணாவது அத்தியாயத்துல ஒரு வரி நிக்கல. அது நிக்கலன்னா மத்ததும் நிக்காது."

"உங்க புரொபசர் சொன்னாரா?"

"அவரு விடுங்கறாரு. யாரும் கேக்கமாட்டாங்களாம். நான்தான் கண்டுபிடிச்சேன்."

"நீயே கண்டுபிடிச்சு, நீயே திருப்பி வாங்கிட்டியா?"

"ம்."

"டிசம்பர்க்குள்ள முடியுமா?"

"தெரியலம்மா."

நாலு இருபத்து மூன்றுக்கு லைன் நின்றுவிட்டது. நான் நடந்தே வீடு வந்தேன்.

கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவளுக்குக் கம்ப்யூட்டர் துறையில் வேலை. படிப்பு விடுமுறையில் அனுப்பியிருந்தார்கள். டிசம்பர் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அப்படி எழுதிய பல்கலைக்கழகக் கடிதத்தை நான் அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தேன். எத்தனையோ தடவை எடுத்துப் படித்ததில் மடிப்பு கிழிந்துவிட்டது.

2

அறந்தாங்கியில் இருக்கும் என் அண்ணன் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரே கேள்வியைக் கேட்கிறார். "கம்ப்யூட்டர் என்றால் கை நிறையச் சம்பளமாமே. உன் மகள் ஏன் இருபத்தாறு வயதிலும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்?" அவருக்கு நேராக எழுத எனக்கு வரவில்லை. நாலு பேருக்குப் பொதுவாக எழுதினால் எழுதிவிடலாம் போலிருக்கிறது. ஊரில் நம் இதழைப் படிக்கிறவர்கள் அவரிடமும் கொடுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இதை எழுதும் இன்றைக்கும் அவள் வேலை நிற்குமா போகுமா என்று எனக்குத் தெரியாது.

நான் இந்த நாட்டுக்கு வந்தது அறுபத்தொன்றில். ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு கல்யாணம். மாப்பிள்ளை என் அத்தை மகன், லிங்கிப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் டிரசர். டிரசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். டாக்டர் மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் டிரசர்தான் டாக்டர்.

கப்பலேறும்போது அம்மை குத்தியதற்குச் சீட்டு வேண்டும். எங்கள் ஊரில் அம்மை குத்துகிறவர் ஊசியைப் பையிலிருந்து எடுக்காமலே ஊர் முழுவதற்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். என் அப்பாவும் அப்படி ஒன்று வாங்கி வந்தார். நாகப்பட்டினத்தில் சீட்டைப் பார்த்தார்கள், விட்டுவிட்டார்கள். இந்தக் கரையில் இறங்கியதும் சீட்டைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்கள். தழும்பு இல்லை. கல்யாணப் புடவையோடு ஒரு தீவில் அடைத்துவைத்துவிட்டார்கள். கரையில் என் வீட்டுக்காரர் இவர் ஒரு குடையோடு நாள்தோறும் வந்து நின்றுவிட்டுப் போனாராம்.

அதிலிருந்து நான் ஒரு பாடம் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். நான் கற்றதோ வேறு பாடம். சீட்டு இருந்தால் கப்பலில் ஏறிவிடலாம் என்பதுதான் என் மனதில் நின்றது.

3

மங்கை என்னிடம்தான் நாலாம் வகுப்பு படித்தாள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம், முப்பத்திரண்டு பிள்ளைகள். ஒருநாள் ஒரு கணக்குச் சொன்னேன். மாதத்துக்கு அதிகம் போனால் முப்பத்தொரு நாள், நீங்கள் முப்பத்திரண்டு பேர், ஆகையால் யாரோ இரண்டு பேராவது ஒரே தேதியில் பிறந்திருக்கிறீர்கள் என்றேன். பிள்ளைகள் வாயைப் பிளந்தன. மங்கை எழுந்து நின்றாள். வீட்டில் அம்மா, வகுப்பில் டீச்சர்.

"யாரு டீச்சர்?"

"யாரோ ரெண்டு பேர்."

"யாருன்னு தெரியாம எப்படி டீச்சர் சொல்றீங்க?"

பிள்ளைகள் சிரித்தன. எனக்குக் கோபம் வந்து உட்காரச் சொன்னேன். அவள் மூன்று சாயங்காலம் நோட்டோடு தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போனாள். இரண்டு பிள்ளைகளுக்குப் பிறப்புச் சீட்டே இல்லை. அதில் ஒருத்தியின் தாய், "மழ ஊத்துன நாளு, வேற என்னா தெரியும்" என்றாளாம். நாலாம் நாள் மங்கை கரும்பலகைக்கு வந்து எழுதினாள்: சரோஜா, காளிதாஸ், பதினேழாம் தேதி. "இப்ப சொல்லுங்க டீச்சர், ரெண்டு பேர் இருக்காங்கன்னு."

அவள் தொழிலும் அதுதான் என்று பிறகு தெரிந்தது. சிரம்பானில் மலாய் வழிப் பள்ளிக்கூடம், பிறகு கோலாலம்பூர், அங்கே கம்ப்யூட்டர், அங்கிருந்து ஸ்காட்லாந்து. கடிதங்களில் தமிழ் குறைந்து ஆங்கிலம் ஏறியது. அரைப் பக்கம் தமிழ், பிறகு "மற்றவை பிறகு" என்று முடிந்துவிடும். ஆனால் அவள் வேலையைப் பற்றிக் கேட்டபோது மட்டும் நாலு பக்கம் தமிழில் எழுதினாள்.

நாம் படித்த கணிதத்தில், ஏதாவது ஒன்று இருக்கிறது என்று காட்ட, அது இல்லை என்று வைத்துக்கொண்டு போய் எங்காவது முரண்பட்டு முட்டினால் போதும். ஆகவே இருக்கிறது என்று முடித்துவிடலாம். மங்கை இருக்கும் கூட்டத்தில் அது செல்லாது. இருக்கிறது என்றால் எடுத்துக் காட்டு, இல்லாவிட்டால் எடுக்கும் வழியைச் சொல். இதுவோ அதுவோ என்றால் எது என்று சொல். அப்படி எழுதிய நிரூபணத்தை ஒரு கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் அது அதையே ஒரு வேலையாக எடுத்துச் செய்து விடையைக் கையில் கொடுக்கும். "வெறுமே இருக்கிறது என்று எழுதினால் அதற்கு எங்கே போவதென்று தெரியாதம்மா" என்று எழுதியிருந்தாள்.

அந்த மூன்றாம் அத்தியாயத்தில் அவள் ஓரிடத்தில், கம்ப்யூட்டர் செய்யும் இந்தத் தேடல் ஒரு கட்டத்தில் நிற்கும் அல்லது நிற்காது, நின்றால் இப்படி, நிற்காவிட்டால் அப்படி என்று எழுதியிருந்தாளாம். வேறு எந்தக் கணித ஆசிரியரும் அதைத் தப்பென்று சொல்லமாட்டார். நிற்குமா நிற்காதா என்று அறிய அவளிடம் வழியில்லை, அவ்வளவுதான். "எனக்குத் தெரியாததைத் தெரியும் என்று எழுதியிருக்கிறேன்." இதைச் சொன்ன கடிதம் தொலைபேசிக்குப் பத்து நாள் கழித்து வந்தது. நான் அதை நிதானமாகப் படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குள் நான் காரியத்தில் இறங்கிவிட்டேன்.

4

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு. ஆளெண்ணிக்கை எடுத்து அவரவர் பால் வெட்டும் மர வரிசையை, நிரையை, பிரித்துக் கொடுப்பார்கள். பெரட்டுக்கு வராதவர்களை மன்னிக்கச் செய்வது ஒன்றே ஒன்றுதான், டிரசர் எழுதிக் கொடுக்கும் சீட்டு. தோட்டத்துத் துரைக்கும் வேலை வாங்கும் மண்டோருக்கும் அதற்கு மேல் கேள்வி கிடையாது.

இவர் அந்தச் சீட்டில் கறாரானவர். இருபத்தெட்டு வருடமாக ஒன்றுகூடப் பார்க்காமல் எழுதியதில்லை. பால் வெட்டும் அஞ்சலைக்கு இதில் தீராத மனக்குறை. "டிரசரய்யா கண்ணு மாட்டு ஆஸ்பத்திரி கண்ணு. நாக்க நீட்டு, வாயத் தெற, மூச்ச இழு. ஒரு நாளு லீவுக்கு என் உசிர எடுத்து மேசையில வெக்கணும்" என்பாள்.

டிசம்பரைத் தாண்ட மங்கைக்கு ஒரு ஆறு மாதம் வேண்டும். கோலாலம்பூர் அலுவலகத்திடம் என்னவென்று கேட்பது? ஒரு வரி நிற்கவில்லை என்றால் யாருக்குப் புரியும்? உடம்பு சரியில்லை என்றால் எல்லோருக்கும் புரியும். இந்த நாட்டில் இருபத்தேழு வருடத்தில் நான் கற்ற வழி அது ஒன்றுதான்.

இவரிடம் கேட்டேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"சாரதா, பாக்காம எப்படி எழுதறது?"

"நான் கேட்டேனே குரலை. மூணு நிமிஷம் பேசினா, எட்டு வார்த்தைகூட ஒழுங்கா வரல. தூங்காத குரல்."

"குரலுக்கெல்லாம் சீட்டு இல்ல."

"ஊராருக்கு இத்தனை வருஷம் பாத்தீங்க. பெத்த பொண்ணுக்கு ஒண்ணு எழுதக் கூடாதா?"

"பெத்த பொண்ணுங்கறதாலதான் யோசிக்கிறேன்."

மூன்று நாள் அவரை விடவில்லை. பாத்திரத்தை நங்கென்று வைத்தேன். பேசாமல் இருந்தேன். பிறகு அழுதேன். நான் அழுததில்தான் எழுதினார். நரம்புத் தளர்ச்சி, ஆறு மாத ஓய்வு தேவை என்று நாலே வரி ஆங்கிலத்தில். ஆஸ்பத்திரி முத்திரையைக் குத்தும்போது மையில் சரியாகத் தோய்க்காமல் முதல் தடவை பதியவில்லை. இரண்டாம் தடவை அழுத்திக் குத்தினார். கிராணியார் உறைமேல் முகவரியைத் தட்டச்சு செய்து கொடுத்தார். லிங்கிக்குப் பஸ் ஏறிப் போய் நானே பதிவுத் தபாலில் போட்டேன். அன்றைக்குத்தான் அந்தத் தொலைபேசிக்குப் பிறகு முதன்முதலாக நன்றாகச் சாப்பிட்டேன்.

5

பதில் ஐந்து வாரம் கழித்து மலாயில் வந்தது. என் மலாய் பசாரில் மீன் வாங்கும் மலாய். கிராணியார்தான் படித்துச் சொன்னார். உடல்நிலை காரணமாகப் படிப்பு விடுமுறை நிறுத்திவைக்கப்படுகிறது. ஸ்காட்லாந்துக்கும் தெரிவித்தாயிற்று. குணமானதாகச் சான்று வரும்வரை ஆய்வைத் தொடரக் கூடாது. அந்தச் சான்றை நோய்க்குச் சான்றளித்தவரே நேரில் பார்த்துத் தர வேண்டும். கடைசித் தேதி மாறாது.

"கடைசி வரிய இன்னொரு தடவ படிங்க" என்றேன்.

"மாறாதுன்னுதான் போட்டிருக்கு டீச்சர்."

அந்த வாரமே மங்கை கூப்பிட்டாள்.

"கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள விடமாட்டேங்கறாங்கம்மா. நான் சீக்காளியாம். யாரு எழுதினது?"

"நான்தான் கேட்டேன்."

"எழுதினது யாரு?"

"அப்பா."

"அப்பாவா? பாக்காமலா?"

அதற்குப் பிறகு கடல் இரைகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்டது. நான் அவள் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கிராணியார் வந்து கையிலிருந்ததை மெல்ல வாங்கி வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக இவரிடம், "இன்னொரு சீட்டு எழுதுங்க. நல்லாயிட்டான்னு எழுதுங்க. இன்னிக்கே போட்டுடறேன்" என்றேன். இப்போது நினைத்தால் எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை. இவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். "அதையும் பாக்காம எழுத என் கையில வராது." அன்றிரவே மங்கைக்கு ஒரு வான்மடல் எழுதினார். என்னிடம் காட்டவில்லை.

சேதி லயத்துக்குள் போய்விட்டது. கிராணியார் சொல்லியிருக்கமாட்டார், அவர் மனைவி சொல்லியிருப்பாள். அடுத்த வாரம் அஞ்சலை என்னைக் குழாயடியில் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சரம்மா, எனக்குக் காச்சல் வந்தா டிரசரய்யா கைய புடிச்சுப் பாப்பாரு, கண்ணாடிக் குச்சிய வாயில வெப்பாரு. ஒங்க மகளுக்கு இங்க ஒக்காந்துகிட்டே ஸ்காட்லாந்துக் காச்சல பாத்துட்டாராமே? அப்படிப்பட்ட கண்ணு எங்களுக்கு ஒரு நாளு தெறக்கக் கூடாதா லா?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் யாரோ கேட்டதற்கு இவர் பதில் சொன்னது ஜன்னல் வழியே எனக்குக் கேட்டது. "அஞ்சலை சொன்னது நியாயம்தான்."

6

ஒன்பது வாரம் கடிதம் இல்லை. இவர் மடலுக்கும் பதில் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஆபீசுக்குப் போவேன். கிராணியார் என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டுவார், திரும்பி வருவேன். வீட்டில் ஒரு நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார முடியவில்லை. அரிசியைக் களைந்துவிட்டு உலை வைக்க மறந்து படுத்துவிடுவேன். அவள் நன்றாக இருக்கிறாள் அல்லது நன்றாக இல்லை, இரண்டில் ஒன்று என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதைச் சொல்வதால் கால் காசுக்குப் பிரயோஜனம் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

இதற்கு நடுவே சிரம்பானில் எனக்குக் குடியுரிமை நேர்காணல் வந்தது. நான் இன்னும் சிவப்பு அடையாள அட்டைக்காரி. இங்கே பிறந்த மகளுக்கு நீல அட்டை, கப்பலில் வந்த எனக்குச் சிவப்பு. விண்ணப்பம் போட்டு எத்தனை வருடம் என்பதே மறந்துவிட்டது. ஒரு மூட்டைக் காகிதத்தோடு காலை முதல் பெஞ்சில் காத்திருந்தேன். அதிகாரி சின்னப் பையன் மாதிரி இருந்தார், மரியாதையாகத்தான் பேசினார். மலாய் எவ்வளவு தெரியும் என்று பார்க்கச் சுலபமான கேள்விகள் கேட்டார். எத்தனை பிள்ளை? சத்து, ஒன்று என்றேன். எங்கே இருக்கிறாள்? ஸ்காட்லாந்தில் படிக்கிறாள். அவருக்குச் சந்தோஷம். "சிஹாட்?" என்றார். சுகமா என்று அர்த்தம். கடைக்காரர்கூடக் கேட்கும் கேள்வி.

சுகம் என்று சொன்னால் எதைப் பார்த்துச் சொல்கிறேன்? சுகமில்லை என்று ஒரு தடவை சொல்லியாயிற்று, அதற்கு முத்திரையும் குத்தியாயிற்று. அவர் பேனாவோடு காத்துக்கொண்டிருந்தார்.

"தாக் தாவ்" என்றேன். தெரியாது.

அவர் நான் கேள்வியைப் புரிந்துகொள்ளவில்லை என்று நினைத்து மெதுவாக இன்னொரு தடவை கேட்டார். நானும் மெதுவாக அதையே சொன்னேன். ஏதோ எழுதிக்கொண்டு என்னை அனுப்பிவிட்டார். தேறினேனா இல்லையா என்று இன்னும் சேதி இல்லை. பஸ்ஸில் வரும்போது ஒரு மாதிரி வெட்கமாக இருந்தது, ஒரு மாதிரி லேசாகவும் இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு ஒரு ஆபீசில் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லியிருந்தேன்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தெரியாதுன்னுதான் நானும் எழுதியிருக்கணும்" என்றார். வான்மடலில் என்ன எழுதினார் என்று அப்போதுதான் சொன்னார். ஒரே வரிதானாம். 'நான் பார்க்காமல் எழுதிவிட்டேன், உன்னைப் பார்க்க வேண்டும்.'

7

டிசம்பர் இரண்டாம் வாரம். பள்ளி விடுமுறை. நாலு நாளாக விடாத மழை. மழையில் பால் வெட்ட முடியாது. வேலை இல்லாத நாளில் ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைவாகத்தான் இருக்கும். அன்று மழை விட்டிருந்தது, அதனால் பெரட்டு முடிந்ததும் பெஞ்சு நிறைந்துவிட்டது. நான் அடுப்படியில் இருந்தேன்.

அஞ்சலை ஓடி வருகிறாள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கத்தல்.

"டீச்சரம்மா! ஒங்க மகளு! ஆஸ்பத்திரி பெஞ்சுல குந்தியிருக்கு!"

"யாரு?"

"ஒங்க மகளு லா! சிரம்பான் டாக்சில வந்து எறங்குது. வீட்டுக்குப் போ தாயின்னேன், மாட்டேங்குது. எனக்குப் பின்னால வரிசையில ஒக்காந்துடுச்சி. மொதல்ல போ தாயின்னேன், அதுக்கும் மாட்டேங்குது. பெரிய பிடிவாதம், அப்பன் மாரியே!"

அடுப்பை அணைத்தேனா என்று நினைவில்லை. செருப்பில்லாமல் ஓடினேன். பெஞ்சின் கோடியில் மங்கை உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். மடியில் ஒரு பை, அதற்குள் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய காகிதக் கட்டு. என்னைப் பார்த்தாள், கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். நான் உட்கார்ந்தேன். அவள் கையைப் பிடித்தேன், விடவில்லை. சூடாக இருந்ததா என் கைதான் குளிர்ந்திருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். அஞ்சலை தன் முறை வந்ததும், "எனக்கு ஒண்ணுமில்ல, நேத்தே நல்லாயிடுச்சி" என்று எழுந்து தள்ளி நின்றுகொண்டாள். ஆனால் போகவில்லை. யாருமே போகவில்லை.

இவர் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தார். பதிவேட்டைப் பார்த்தபடியே, "அடுத்தது யாரு?" என்றார். மங்கை எழுந்தாள். அவர் நிமிர்ந்தார். கையிலிருந்த துண்டு கீழே விழுந்ததைக் கவனிக்கவில்லை.

"நான்தாம்ப்பா" என்றாள் மங்கை. "எத்தனை நாளானாலும் சரி, நல்லாப் பாருங்க. பாத்துட்டு என்ன தெரியுதோ அத எழுதுங்க. எனக்கு ஒடம்பு சரியில்லன்னு தெரிஞ்சா, சரியில்லன்னே எழுதுங்க."